கண்ணாடிக்குள் திருநீற்றுப் பட்டை

ரேடியோ அலைக்குத் திருநீறு பூசிய மனிதன் உலகத்தில் எங்காவது இருக்கிறானா என்று தேடுகிறவர்கள் நேராக அதியமான்கோட்டைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டலாம். நான்தான் அது. பூசினேன், பூசியதை மறந்தும் போனேன். அதனால் வந்த பழி என் மனைவியின் தலையில் விழுந்தபோது பக்கத்தில் நின்று ஜோக்கும் அடித்தேன். முட்டாள்தனத்தில் ஒவ்வொரு படியாக ஏறுகிறவர்கள் உண்டு. நான் லிஃப்டில் போனவன்.

கார்களுக்கு முன்கண்ணாடி செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடது பக்கம் வரும். நான் மெயின்டனன்ஸ் பிரிவு. மெஷின் நின்றால் எல்லோரும் என்னைத் தேடுவார்கள். மெஷின் ஓடினால் நான் கேன்டீனில் இருப்பது யாருக்கும் உறுத்தாது.

காரின் முன்கண்ணாடி பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், ஃபிலிம் என்போம். கல் பட்டு உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் வந்து கொட்டாமல் பிடித்து வைப்பது அந்தத் தாள்தான். முன்பெல்லாம் அதை இளக்கி ஒட்ட வைக்கக் கண்ணாடியைச் சூடான அடுப்புக்குள் அனுப்புவோம். கண்ணாடி சூடாகி, பிறகு அது தாளைச் சூடாக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ரேடியோ அலையில் சூடேற்றும் மெஷின் வந்தது. மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் கண்ணாடி. சுவிட்சைப் போட்டால் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. இரண்டு தட்டுக்கும் இடையில் அலை பாயும். கண்ணாடி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. நடுவில் இருக்கிற தாள்தான் உள்ளுக்குள்ளேயே சூடாகி இளகும். எங்கே ஈரம் இருக்கிறதோ, எங்கே உப்பு இருக்கிறதோ, அங்கே மட்டும் சூடு அளவு மீறிப் போகும். பயிற்சி கொடுக்க வந்தவர் இந்தக் கடைசி விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் என் மனைவி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருநாள், நெருப்பே இல்லாமல் எப்படிச் சூடாகும் என்று கேட்டார்கள். நான் அலை, அதிர்வெண் என்று கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்:

"உள்காய்ச்சல் வந்தவங்களத் தொட்டா மேல சில்லுன்னு இருக்கும், உள்ள எரியும் இல்லீங்களா. அப்பிடித்தான்."

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. வெளியே சொல்லவில்லை.

அவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். சித்தேரி மலைக்குக் கீழே அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். பேச்சை விதை நெல் போலப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற குடும்பம். என்னைப் பெண் பார்க்க வரச் சொன்னபோது மாமனார் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினார், அதில் இரண்டு 'உக்காருங்க'. கம்பெனிக்குள் அவள் என்னை 'சார்' என்பாள். வீட்டில் 'ஏங்க'. இந்த மாற்றம் கம்பெனி கேட்டுக்குச் சற்று முன்னால் வண்டியிலிருந்து இறங்கும்போது நடக்கும். ஏறும்போது புருஷன், இறங்கும்போது சார்.

நான் நிரந்தரத் தொழிலாளி. அவள் எட்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு மாதம் முடிந்ததும் வேலையை முடித்து, சில நாள் வீட்டில் உட்கார வைத்து, புது ஆள் போல மறுபடி சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் புது அட்டை, புது நம்பர். பழைய அட்டைகளை அவள் தூக்கி எறியவில்லை. பீரோவில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.

"இத்தனையும் வச்சு என்ன பண்ணப் போற, சீட்டாடவா" என்று ஒருமுறை கேட்டேன்.

"எட்டு வருசமும் வந்தது ஒரே ஆளுதான்னு எனக்காவது தெரியணும் இல்லீங்க" என்றாள்.

அந்த வருடம் ஒப்பந்த ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் லைனில் ஒரே ஒருவர். ரேடியோ மெஷினை அவளைப் போல ஓட்ட வேறு ஆள் இல்லை, அதனால் அவள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பட்டியல், பூஜை விடுமுறை முடிந்து வரும் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய அறிகுறி.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் லைனுக்கு லைன் போட்டி. யார் மெஷின் அழகு என்று. கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சாமி கும்பிட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிடும். பொட்டு வைக்கும் பொறுப்பு எப்போதும் என்னுடையது. கை நீளம், வாயும் நீளம் என்பதால் கொடுத்திருப்பார்கள்.

ரேடியோ மெஷினுக்கு வந்தபோது பொட்டு வைக்க இடமே இல்லை. வெளிப்பக்கம் முழுக்க 'ஆபத்து', 'தொடாதே', மண்டை ஓடு. மண்டை ஓட்டுக்கு நெற்றியில் குங்குமம் வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேலை செய்வது உள்ளே இருக்கிற தட்டு, கும்பிடுவது வெளியே இருக்கிற தகரத்தையா? மெயின் சுவிட்ச் அணைத்துப் பூட்டித்தான் இருந்தது. கதவைத் திறந்தேன். திருநீற்றைக் கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மேல் தட்டின் அடிப்பக்கத்தில் மூன்று விரலால் அழுத்தமாக ஒரு பட்டை இழுத்தேன்.

'இத ஓட்டறவளுக்கு மாறாத ஒரு நம்பரக் குடு சாமி' என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் அப்போது கேன்டீன் பக்கம் பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதுவும் திறந்திருக்க வேண்டிய நேரத்தில்.

விடுமுறை இரண்டு நாளும் மழை. மூன்றாம் நாள் காலையில் வாழைக்கன்றுகளை எடுத்தோம், வெளிப் பொட்டுகளைத் துடைத்தோம். மெஷின் ஓடியது. முதலில் வந்த கண்ணாடிகளைத் தரம் பார்க்கும் இடத்தில் விளக்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதற்கென்று ஒரு அதிகாரி, வயதில் சின்னவர், சென்னைப் பக்கத்துக்காரர், சட்டைப் பையில் நாலு பேனா. அவர் ஒரு கண்ணாடியைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு லைனை நிறுத்தச் சொன்னார்.

எல்லாக் கண்ணாடியிலும் ஒரே இடத்தில், மேல் விளிம்பை ஒட்டி, பொடிப் பொடியாகக் குமிழ்கள். வரிசையாக மூன்று கோடு.

"ஃபிலிம் போட்டது யாரு?"

"நாந்தாங்க சார்" என்றாள் என் மனைவி.

"கிளவுஸ் போடலையா?"

"போட்டிருக்கனுங்க சார்." கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப இது என்ன? மூணு விரல் தெளிவாத் தெரியுது பாருங்க. வெறுங்கையில தொட்டா வேர்வை ஒட்டும். அந்த ஈரமும் உப்பும் மெஷினுக்குள்ள கொதிச்சுத்தான் இப்படிக் குமிழ் வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க சார். நான் தொடலைங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு அழுகை வராது, அந்த நரம்புதான் வரும். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாங்க முடியாதபோது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஜோக்.

"உடுங்க சார். வூட்டுலயும் கொழம்பு ருசி பாக்க மூணு விரலத்தான் உடுவாங்க. கை பழகிப் போச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரரே சொல்றாரு" என்று எழுத ஆரம்பித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று வெந்தது.

அவளைப் பேக்கிங் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிகளுக்கு நடுவில் காகிதம் சொருகும் வேலை. சூப்பர்வைசர் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணே, வெள்ளிக்கெழம லிஸ்ட்டுல அக்கா பேரு நிக்கிறது இனி கஷ்டம். மெஷினயும் ஒருதடவ பாத்துடுங்க, எழுதி வைக்கணும்" என்றார்.

சுவிட்சை அணைத்து, பூட்டி, கதவைத் திறந்து, டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேல் தட்டின் அடியில் மூன்று கோடு காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. என் கையில் துணி இருந்தது. அழுக்கைக் கண்டால் துடைப்பது பதினேழு வருடப் பழக்கம். துடைத்தேன். சுத்தமாக, பளபளவென்று துடைத்து, தலையை வெளியே எடுத்த பிறகுதான் நான் துடைத்தது எது என்பது மண்டையில் ஏறியது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திருநீறு என்பது சாணச் சாம்பல். அதில் உப்பு உண்டு. இரண்டு நாள் மழைக் காற்றில் ஈரம் குடித்திருக்கிறது. பயிற்சிக்காரர் அத்தனை முறை சொன்னதும், நான் அத்தனை முறை தலையாட்டியதும் கண் முன்னால் வந்தது. அதிகாரி சொன்னது சரிதான். அது விரல் தடம்தான். ஆள்தான் வேறு.

உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமா என்றும் தோன்றியது. தட்டு சுத்தமாகிவிட்டது. இனிமேல் கண்ணாடி நன்றாக வரும். யாருக்கும் தெரியாது. உயர் மின்சாரம் ஓடுகிற இடத்துக்குள் எதையாவது பூசி வைத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியைச் சுவரில் ஒட்டியதே நான்தான். கொட்டகைப் பக்கம் பார்த்தேன். அவள் காகிதத்தை எடுத்து, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, சொருகிக்கொண்டிருந்தாள். பேக்கிங் காகிதத்துக்கு யாரும் ஓரம் பார்க்க மாட்டார்கள்.

எழுந்து அதிகாரியிடம் போனேன்.

"சார், அது என் வெரல். பூஜ அன்னைக்கி உள்ள திருநீறு பூசிட்டன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணே, அக்காவுக்காகப் பேசறீங்க. புரியுது."

"நெசமாத்தான் சார்."

"எங்க, காட்டுங்க."

"தொடச்சிட்டன் சார்."

"காலைல ஜோக்கு, மத்தியானம் கதை" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அழுக்குத் துணியைக் காட்டினேன். மெயின்டனன்ஸ்காரன் கையில் அழுக்குத் துணி இருப்பது ஒரு சாட்சியா? சூப்பர்வைசரிடம் சொன்னேன், அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். லைனில் இருந்தவர்களிடம் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். பல வருடமாகச் சிரிக்க வைத்தே பழக்கியிருக்கிறேன். இப்போது நிஜம் சொன்னாலும் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வரிசையாக நாலு பேரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாலு பேராலும் விடுதலை செய்யப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியாக மேனேஜர் அறைக்குப் போனேன். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ சொல்றது ஜோக்கா?"

"இல்லீங்க சார்."

"எப்பிடிய்யா நம்பறது?"

"மறுபடி பூசிக் காட்டறனுங்க. வேண்டாத கண்ணாடி ஒண்ணு குடுங்க, ஓட்டிப் பாக்கலாம்."

அவர் பர்ஸை எடுத்தார். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதம், அதற்குள் திருநீறு. "இது நம்ம ஊரு கோயிலுது. கொஞ்சமா எடு" என்றார்.

அவளைக் கொட்டகையிலிருந்து வரச் சொன்னார்கள். எதற்கென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வந்ததும் மேனேஜரே விஷயத்தைச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. புது கிளவுஸ் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, கழித்துப் போட்ட கண்ணாடி இரண்டை எடுத்து, நடுவில் தாளை விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, மேல் கண்ணாடியை இறக்கினாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. நான்தான், திருநீற்றைக் குழைத்துத் தட்டில் இழுக்கும்போது, நெற்றியில் பூசத் தெரியாத குழந்தை போல இழுத்தேன்.

கதவை மூடினோம். மெஷின் ஓடியது. கண்ணாடி வெளியே வந்தது. விளக்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

மூன்று கோடு. அதே இடம், அதே குமிழ்.

அதிகாரி காலையில் வந்த கண்ணாடி ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி மாறி மாறிப் பார்த்தார். அவள் முன்னால் வந்தாள். கிளவுஸைக் கழற்றினாள். காலையில் வந்த கண்ணாடியின் மேல், அந்தக் கோடுகளுக்கு நேராகத் தன் மூன்று விரலை வைத்தாள். கோடுகள் அகலம். அவள் விரல்கள் மெலிசு. இருபக்கமும் குமிழ்கள் வெளியே தெரிந்தன. கையை எடுத்துவிட்டுத் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் விரல்களை அதே இடத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

எட்டு வருடத்தில் கம்பெனிக்குள் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிடித்தது நான்தான் குற்றவாளி என்று நிரூபிக்க. ஆனாலும் அவள் உடனே விடவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"சாரிக்கா" என்றார் அதிகாரி.

"பரவால்லைங்க சார். நீங்க பாத்தத சொன்னீங்க" என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "வெளிய இவ்ளோ எடம் இருக்க, உள்ள எதுக்குய்யா பூசின?"

"ஒரு வேண்டுதலுங்க சார்."

"என்ன வேண்டுதல்?"

ஜோக் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. "இவங்களுக்கு நிரந்தரம் ஆவணும்னுங்க" என்றேன்.

மேனேஜர் கன்னடத்தில் ஏதோ முனகினார். தன் பர்ஸில் இருந்த காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவள் பின்னால் உட்கார்ந்து வழக்கம் போல வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் தோளைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கதை எழுதுகிறவர்கள் பிடிக்க வைப்பார்கள். அவள் கம்பியைத்தான் பிடித்தாள்.

வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "திருநீறு விசயத்துல நான் பண்ணுனது பெரிய..."

"திருநீறுக்கு எனக்கு வருத்தம் இல்லீங்க."

"பின்ன?"

"எல்லாரும் நிக்கையில, 'அவ தொட்டிருக்க மாட்டா'ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அந்தச் சின்னப் பையனுக்கு என் கையத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பல வருடத்தில் அவள் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. எழுந்து போய் விளக்கைப் போட்டாள். பீரோவில் இருந்த பழைய அட்டைக் கட்டை நான் ராத்திரி போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், ஒவ்வொன்றிலும் அதே முகம். ஒரு போட்டோவிலும் அவள் சிரிக்கவில்லை. அத்தனை வருடமும் தொடக் கூடாததை ஒருமுறையும் தொடாத கை. அது எனக்குத் தெரியாததா என்ன. தெரிந்துதான் இருந்தது. ஜோக்குக்கு அவசரம்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. பதில் வரச் சில வாரம் ஆனது. என் விசாரணையும் அதே வேகத்தில் நடந்து, இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. அலுவலகப் பெண் இரண்டு உறைகளையும் என்னிடமே கொடுத்து, "ரெண்டும் உங்க வூட்டுக்குத்தாண்ணா, தபால் செலவு மிச்சம்" என்றாள். ஒன்றில் அவளுக்கு நிரந்தர வேலை, நாளை முதல். மற்றதில் எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன், அதுவும் நாளை முதல். இனி எந்த பூஜைக்கும் எந்த மெஷினுக்கும் நான் பொட்டு வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி.

அவள் தன் கடிதத்தை அடுப்படி வெளிச்சத்தில் நின்று படித்தாள். நம்பர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே மறுபடியும் படித்தாள். என் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். அன்று அப்பளம் இரண்டு தடவை பொரித்தாள்.

மறுநாள் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். கம்பெனி வாசலில் எல்லோரும் உள்ளே போக, நான் மட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி வெளியே இருந்தேன். அவள் இறங்கிச் சேலையைச் சரி செய்துகொண்டாள். இந்த ஒருநாளாவது ஒழுங்காகப் பேசுவோம் என்று நினைத்தேன்.

"இங்க பாரு. நான் ஆயிரம் வேடிக்க பேசுவன், அதெல்லாம் உடு. நீ நிரந்தரமா உள்ள போறதப் பாக்கணும்னு எத்தன வருசமா நெனச்சிருக்கன் தெரியுமா? இந்த மூணு நாளும் வூட்டுல உன்னையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறன். போறதுக்கு முன்னால எனக்கு ஏதாச்சும் சொல்லிட்டுப் போ."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அரிசி ஊறுது, மறக்காம ஆட்டி வைங்க."